பாட்டுப் போடாத பாட்டு நிகழ்ச்சி

ஜூன் 2, திங்கள்

லேண்ட்லைனை இன்னும் எதற்கு வைத்திருக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இன்று பதில் கிடைத்தது. காலை பத்தரைக்கு மணி அடித்தது. பேசியவர் கல்லூரிச் சமுதாய வானொலியின் இயக்குநர், பேராசிரியை சகாயமேரி. எண்பதுகளில் வாரப் பட்டியலில் முதலிடம் பிடித்த, அமெரிக்கக் கிராமப்புறத்துக் கன்ட்ரி பாடல்களைத் திரும்பிப் பார்க்கும் எட்டு வாரத் தொடர் ஒன்றை நான் நடத்தித்தர வேண்டுமாம். கோயமுத்தூர் ஜில்லாவில் இதைப் பற்றிப் பேசத் தகுதியானவர் நான் ஒருவன்தான் என்று யாரோ கடிதம் எழுதியிருந்தார்களாம். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். அதை அவர் நினைவில் வைத்திருக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

பின்னால் இதைப் படிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. ஆர். குழந்தைவேலு ஆகிய நான் தொலைபேசித் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். 1981-இல் போத்தனூர் ரயில்வே காலனியில் இருந்த டெரிக் என்ற ஆங்கிலோ இந்திய நண்பர் ஒரு கேசட் கொடுத்தார். கம்பியின் மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரின் முதல் இழுப்பிலேயே விழுந்துவிட்டேன். அவருடைய தங்கை அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பத்திரிகைகளைப் பார்த்து, வாரா வாரம் முதலிடம் பிடித்த பாட்டை ஆறு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். கேசட்டுகள் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் பீரோவில் இருக்கின்றன. என் மனைவி கமலவேணியின் புடவைகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

விஷயத்தை அவளிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். பிறகு, "நாளைக்குக் காந்திபுரம் வரைக்கும் கூட வர முடியுமுங்களா? ஒரு எடத்துக்குப் போகோணும்" என்றாள். நாளை ஒலிப்பதிவு. ஆட்டோவில் போகச் சொன்னேன். என்ன இடம் என்றும் சொல்லியிருப்பாள். அப்போது நான் நான்காவது நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

ஒலிப்பதிவு. கேசட்டுகளில் இருபதைத் துடைத்துப் பையில் எடுத்துப் போயிருந்தேன். சகாயமேரி அம்மையார் பையைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"சார், பாட்டுப் போட முடியாது. நமக்கு உரிமை இல்லை. பெரிய பிரச்சினை ஆயிடும்."

"பாட்டு நிகழ்ச்சிதானே அம்மா?"

"ஆமா சார். நீங்க பாட்டைப் பத்திப் பேசுங்க. எப்படி இருக்கும்னு சொல்லுங்க. முனகக்கூட வேண்டாம்."

முதலில் திகைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் இதுவே நல்லது. பாட்டு என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நான் பேசினால் ஒரு பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் பேசலாம். பேசினேன். எண்பதுகளின் முற்பாதியில் கன்ட்ரி பாட்டு எப்படி நகரத்து அலங்காரம் பூசிக்கொண்டது, பிற்பாதியில் எப்படிப் பழைய பிடிலுக்குத் திரும்பியது என்று ஒரே மூச்சில் சொன்னேன். கண்ணாடிக்கு அப்பால் அம்மையார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவர் தலையாட்டியது காதில் மாட்டியிருந்த வேறு போனுக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கமலவேணியின் தங்கை சொர்ணாத்தாள் தன் ஊரான கோபியிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் காந்திபுரம் போய் வந்திருக்கிறார்கள். நல்ல துணை. காப்பி ஆறியிருந்தது.

ஜூன் 4, புதன்

கமலவேணி தங்கையோடு கோபிக்குப் புறப்பட்டாள். "நாலு நாள் இருந்துட்டு வர்றேனுங்க" என்றாள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வானொலியின் செயலியில் நிகழ்ச்சியைக் கேட்கும்படி சொல்லி, அவள் போனில் அதை இறக்கியும் கொடுத்தேன். இதற்கே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாலு நாளைக்கு எதற்குப் பெரிய சூட்கேஸ் என்று கேட்க நினைத்தேன். பீரோவின் மேல்தட்டில் என் நோட்டுகளுக்கு அடியில் அவள் வைத்திருந்த ஆஸ்பத்திரி பைலையும் எடுத்துப் போயிருக்கிறாள். நோட்டுகளின் வரிசை கலைந்துவிட்டது. சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது.

ஜூன் 6, வெள்ளி

இட்லி மாவு தீர்ந்தது.

ஜூன் 7, சனி

முதல் ஒலிபரப்பு. பதினோரு மணிக்கு ரேடியோவின் முன் உட்கார்ந்தேன். சேவல் ஒன்று கூவியது. பக்கத்து வீட்டில் என்று நினைத்தேன். மறுபடியும் கூவியது. பிறகு ஒரு கணீர்க் குரல்: "நாட்டுப் பாட்டு! வழங்குவோர், செட்டிபாளையம் ரங்கசாமி நாட்டுக்கோழிப் பண்ணை!"

சகாயமேரி அம்மையாருக்குப் போன் செய்தேன். விளம்பரதாரரிடம் 'கன்ட்ரி' என்று சொன்னபோது அவர் அதை நாட்டு என்று புரிந்துகொண்டாராம். "அவரும் சந்தோஷமா இருக்காரு, நாமும் சந்தோஷமா இருக்கோம். விட்டுடுங்க சார்" என்றார்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்றேன். செயலியில் பதினோரு பேர். இதில் நான் ரேடியோவில் கேட்டேன், ஆகவே சேர மாட்டேன். ஷார்ஜாவில் இருக்கும் மகள் தமயந்தி ஒன்று. கமலவேணி ஒன்று. மீதி ஒன்பது பேர் முன்பின் தெரியாத ரசிகர்கள். முதல் வாரத்துக்கு இது நல்ல தொடக்கம்.

மதியம் சோறு வடித்தேன். அடியில் பிடித்தது. அரிசியின் தரம் இப்போதெல்லாம் முன்போல் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது ஒலிப்பதிவு. தலைப்பு 'பிரிவு'. என் நோட்டின்படி 1984-இல் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புதிய பாட்டு முதலிடத்துக்கு வந்திருக்கிறது, நம் ஊர் நலச் சங்கத்தின் தலைவர் பதவியைப் போல. அந்த ஐம்பது சொச்சம் பாட்டுகளில் முப்பத்தொன்றில் பெண் வீட்டை விட்டுப் போகிறாள். மீதியில் போவதற்கு யோசிக்கிறாள்.

இதற்கு என் விளக்கம்: அமெரிக்கக் கணவன் லாரி ஓட்டுவான், குடிப்பான், நாயைக் கொஞ்சுவான், பெண்டாட்டி பேசினால் காது கொடுக்க மாட்டான். "நம் குடும்ப அமைப்பில் இப்படி ஒரு பாட்டு எழுத வாய்ப்பே இல்லை" என்று அழுத்தமாகச் சொல்லி முடித்தேன். அம்மையார் கட்டைவிரலை உயர்த்தினார்.

நாலு நாள் ஏழு நாளாகிவிட்டது. கோபியில் மழை போலிருக்கிறது.

ஜூன் 11, புதன்

லேண்ட்லைனில் ஒரு பெண். ஏதோ பரிசோதனைக் கூடமாம்.

"கமலவேணிங்கறது உங்க வீடுங்களா? ரிப்போர்ட் வந்திருச்சுங்க. வந்து வாங்கிக்குங்க."

அவள் கோபியில் இருப்பதாகச் சொன்னேன். என்ன ரிப்போர்ட் என்றேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னாள். 'ப'வில் தொடங்கியது. அப்போது என் நோட்டில் 1985 நவம்பரில் ஒரு வாரம் விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்திருந்தேன். அந்தப் பதற்றத்தில் காதில் வாங்கவில்லை. சர்க்கரையாக இருக்கும். அவள் கைபேசி எண்ணைக் கொடுத்து அங்கேயே பேசிக்கொள்ளச் சொன்னேன்.

விட்டுப்போன வாரம் கிடைக்கவில்லை. நாள் முழுக்க அதே கவலை.

ஜூன் 13, வெள்ளி

மதியம் கோபிக்குப் போன் செய்தேன். சொர்ணாத்தாள் எடுத்தாள்.

"அக்கா தூங்குறாங்க மச்சான்."

"பகல்லயா?"

"ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. இன்னைக்குத்தான் கண்ணசந்தாங்க."

கோபியில் கொசு அதிகம். வாய்க்கால் பாசனம், அப்படித்தான் இருக்கும். சொர்ணாத்தாளுக்கு ஸ்டீல் கிட்டார் எப்படி வேலை செய்கிறது என்று இருபது நிமிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில், "முடிஞ்சுதுங்களா மச்சான்? வெச்சிர்றேன்" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

சமையல் சிலிண்டர் காலி. புதியது கொண்டுவந்தவர் போனுக்கு வந்த எண்ணைச் சொல்லச் சொன்னார். இணைப்பு கமலவேணியின் பெயரில் இருக்கிறது. எண் அவளுடைய போனுக்குத்தான் போகிறது. அவளை அழைத்தேன். அவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்.

நான்கு எண்களைச் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். "ஆமாங்க" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் லைனில் இருந்தோம். முப்பத்தாறு வருடம் வெளியூர் அழைப்புகளின் டிரங்கு லைன்களைக் கேட்டவன் நான். அந்தப் பக்கம் ஆள் இருக்கும் மௌனத்துக்கும் வைத்துவிட்டுப் போன மௌனத்துக்கும் வித்தியாசம் தெரியும். இருந்தாள். சிலிண்டர்காரர் கனைத்தார். வைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று ஒலிப்பதிவுக்குப் பதிலாக விசாரணை. பண்ணையின் ரங்கசாமி நேரில் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் மூன்று மோதிரம்.

"ஏனுங்க, நாட்டுப் பாட்டுன்னு சொன்னாங்க. ரெண்டு வாரமாக் கேக்கறேன். ஒரு கும்மி இல்லை, ஒரு தாலாட்டு இல்லை. எவனோ பொண்டாட்டி ஓடிப்போன கதையையே சொல்லீட்டு இருக்கறீங்க. கேட்டுட்டு எவனுக்குங்க கோழி திங்கத் தோணும்?"

கன்ட்ரி இசை என்பது உழைக்கும் மக்களின் இதயம் என்று தொடங்கினேன். கையை உயர்த்தினார். கடைசியில் சகாயமேரி அம்மையார் சமாதானம் செய்தார். இந்தச் சனிக்கிழமை நேரலை. நேயர்கள் போனில் பேசலாம். யாராவது ஒருவர் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ரங்கசாமி இறங்கி வந்தார்.

நேரலையில் அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஒரே பாட்டை அறிவிக்கப் போகிறேன்.

ஜூன் 19, வியாழன்

வீடு அமைதியாக இருப்பதால் வேலை நன்றாக ஓட வேண்டும். ஏனோ அரைப் பக்கக் குறிப்பெழுத மூன்று மணி நேரம் ஆகிறது. கேசட் ஓடி முடிந்து 'டக்'கென்று நின்றால், அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்க வேண்டும். கேட்பதில்லை. இரண்டு முறை எழுந்துபோய்ச் சமையலறையைப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 21, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சேவல் கூவியது. அறிவித்தேன். அந்தப் பாட்டின் கதை இதுதான். ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். விளக்கு எரியவில்லை. கொடியில் அவன் சட்டை மட்டும் தொங்குகிறது. அவள் போய்விட்டாள். மூன்று சரணம், மூன்றிலும் அவன் வலி. நடுவில் ஸ்டீல் கிட்டார் அழுகிறது. இதைப் பதினெட்டு நிமிடம் சொன்னேன். என் குரலே ஓரிடத்தில் தழுதழுத்தது.

முதல் அழைப்பு. ஒரு பெண், ஐம்பது வயது இருக்கலாம்.

"பேரு மயிலாத்தாளுங்க. கோழிப் பண்ணையில வேலை செய்யறேன். மொதலாளி பேசச் சொன்னாருங்க."

"சொல்லுங்கம்மா. பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

"அந்தப் புள்ள ஏன் போச்சுதுன்னு பாட்டுல வருதுங்களா?"

"வராதும்மா. பாட்டு அவனுடைய துயரத்தைப் பற்றியது."

"அவனுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"கேக்கவும் இல்லீங்களா?"

"யாரைக் கேட்பது? அவள்தான் போய்விட்டாளே."

"எங்கீங்க போயிருக்கும்? அம்மா ஊட்டுக்குப் போயிருக்கும், இல்லாட்டித் தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்கும். பஸ் ஏறிப் போயிக் கேட்டா ஆச்சு. இவன் உக்காந்து மூணு பாட்டுப் படிக்கற நேரத்துக்குப் போயிட்டே வந்திருக்கலாமுங்க."

நான் வாயைத் திறந்தேன். எப்போதும் எனக்கு வார்த்தை பஞ்சமாவதில்லை. இன்று வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அம்மையார் கையைச் சுழற்றினார், பேசுங்கள் பேசுங்கள் என்று.

"லைன் போயிருச்சுங்களா?" என்றாள் மயிலாத்தாள். "சரிங்க. நம்ம பண்ணையில நாட்டுக்கோழி உசுரோடயும் கெடைக்கும், உரிச்சும் கெடைக்குமுங்க. சொல்லச் சொன்னாரு."

பதினோரு விநாடி ஒன்றுமே ஒலிபரப்பாகவில்லை என்று பிறகு சொன்னார்கள். ரங்கசாமிக்கு மிகவும் திருப்தி.

வீட்டுக்கு வந்து லேண்ட்லைனில் பழைய அழைப்புகளின் எண்களைத் தேடினேன். பதினொன்றாம் தேதி வந்த எண் இருந்தது. அழைத்தேன். அதே பெண்.

"என்ன ரிப்போர்ட்டும்மா அது?"

"அன்னைக்கே சொன்னேனே சார். பயாப்சிங்க. மார்புல இருந்த கட்டியில சதை எடுத்து டெஸ்ட் பண்ணினது. மறுநாளே அவங்க தங்கச்சி வந்து வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

"அதில் என்ன வந்திருக்கிறது?"

"அதைப் போன்ல சொல்லக் கூடாதுங்க சார். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

கணவன் என்று சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் கோபி பஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வழியில் எதுவும் கண்ணில் படவில்லை. அன்னூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

கமலவேணி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழவில்லை. "வாங்க" என்றாள். சொர்ணாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ரிப்போர்ட்டில என்ன வந்துச்சு கமலா?"

கீரையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சுங்க. கெட்ட கட்டி இல்லையாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி வந்து காட்டச் சொல்லியிருக்காங்க."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேனுங்க. மூணு தடவை. மொதத் தடவை சோறு போடறப்ப. அப்ப நீங்க நோட்டுல எழுதீட்டு இருந்தீங்க. ரெண்டாவது தடவை ரேடியோக்காரங்க போன் பண்ணின அன்னைக்கு, காந்திபுரத்துக்குக் கூட வாங்கன்னு. மூணாவது தடவை அன்னைக்குச் சாயங்காலம். கேசட் ஓடீட்டு இருந்துச்சு. சதை எடுத்துப் பாக்கோணும்னு சொல்றாங்கன்னு ஆரம்பிச்சேன். நீங்க கையைக் காட்டி நிறுத்தச் சொன்னீங்க. அந்த எடம் வருதாம், கிட்டாரு அழுகற எடம்."

அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டேன்.

"எட்டு நாளுங்க" என்றாள். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எட்டு நாள். அந்த எட்டு நாளும் அந்த வீட்டுல, கேசட்டு ஓட ஓட, என்னால இருக்க முடியாதுன்னுதான் வந்துட்டேன்."

நான் பேசத் தொடங்கினேன். தப்பு என்னுடையதுதான் என்றேன். நேரலையில் ஒரு அம்மாள் பேசியதைச் சொன்னேன். அந்தப் பாட்டு எது, அது ஏன் தலைசிறந்தது, அதன் இரண்டாவது சரணத்தில் அவன் கொடியில் தொங்கும் சட்டையை…

"மச்சான்" என்றாள் சொர்ணாத்தாள்.

கமலவேணி கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "இப்பவும் நீங்கதானுங்க பேசறீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

நிகழ்ச்சியைக் கேட்டாளா என்று கேட்டேன். "நாப்பது வருசமா நேர்லயே கேட்டாச்சு. ரேடியோல வேற கேக்கோணுமுங்களா?" என்றாள். அப்படியானால் முன்பின் தெரியாத ரசிகர்கள் பத்துப் பேர்.

இரண்டு கிலோ சின்ன வெங்காயம் உரித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் சகாயமேரி அம்மையார் கைபேசியில் அழைத்தார். ஒலிப்பதிவுக்கு இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டார். முடியாது என்றேன். அடுத்த வாரம்? தெரியாது என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொன்னார். ரங்கசாமி அந்த நேரத்தில் மயிலாத்தாளை வைத்துக் கோழிக் குழம்பு நிகழ்ச்சி நடத்தலாமா என்று கேட்டிருக்கிறாராம். நேரலையில் அவள் பேசிய துண்டை மட்டும் நானூறு பேர் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். நல்லது, அவளுக்கு விஷயம் தெரியும் என்றேன்.

மதியம் சொர்ணாத்தாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கமலவேணி பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். போத்தனூர் வீட்டுக்கு எப்போது வருகிறாள் என்று கேட்க வாயெடுத்து, அதை விட்டுவிட்டு, "அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

இரண்டு போர்வை, ஒரு சீலை மடித்து முடித்தாள். பிறகு, "கட்டி இருக்குதுன்னு மொதமொதலாக் குளிக்கறப்பத்தான் தெரிஞ்சுதுங்க" என்று தொடங்கினாள். அங்கிருந்து ஒவ்வொன்றாக வந்தது. பிப்ரவரி மாதத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுடையது.

நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினாள். வழக்கமாக நான் நுழையும் இடம். வாய் வரைக்கும் 1986 வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "அப்புறம்?" என்றேன்.

கமலவேணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மடித்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, அப்புறம் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.